டிபி மாத்திரையோடு வலி மாத்திரை

எய்யா,

டிபி மாத்திரை சாப்பிடுகிறபோது முதுகுவலிக்கு மாத்திரை போடலாமா என்று கேட்டிருந்தாய். போடலாம். ஆனால் பணகுடி மருந்துக் கடையில் எடுத்துக் கொடுக்கிறதை எல்லாம் விழுங்கிவிடாதே.

முதலில் பாரசிட்டமால் 500. ஒன்று போட்டால் ஆறு மணி நேரம் கழித்துத்தான் அடுத்தது. ஒரு நாளைக்கு நாலைத் தாண்டாதே. 650 என்றால் மூன்றோடு சரி. மற்றவர்களுக்கு இதைவிடக் கூடுதலாகவும் கொடுப்பார்கள், உனக்கு வேண்டாம். டிபி மாத்திரையில் இருக்கிற ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே ஈரலைப் பதம் பார்க்கக்கூடியவை. பாரசிட்டமாலிலும் ஒரு சிறு பங்கு ஈரலுக்குள் விஷமாக மாறும். ஐசோனியசிட் சேர்ந்தால் அந்தப் பங்கு கூடலாம். சரியாகச் சாப்பிடாத நாளில் அதை முறிக்கிற சக்தியும் உடம்பில் குறைவு.

அட்டையைத் திருப்பிப் படி. மூட்டுவலிக்கென்று தருகிற அசிக்ளோஃபெனாக் அட்டைகள் பலதில் பொடி எழுத்தில் ‘பாரசிட்டமால் 325’ என்று இருக்கும். சளி மாத்திரையிலும் ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் கூட்டித்தான் கணக்கு. நிமிசுலைடு என்றிருந்தால் தொடாதே, அதுவும் ஈரலைக் கெடுக்கும். ஐபுபுரூஃபன், டிக்ளோஃபெனாக் எல்லாம் டாக்டரிடம் கேட்டு, சோற்றுக்குப் பிறகு, இரண்டு மூன்று நாள்தான். டிரமடால் என்கிற கடுமையான வலி மாத்திரையை ரிஃபாம்பிசின் சீக்கிரமே கழித்துவிடும், வலி கேட்காது; கேட்கவில்லையே என்று நீயாக இன்னொன்று போடாதே.

வலி மாத்திரையோடு கேஸுக்குக் குடிக்கிற மருந்து, ஐசோனியசிட் உடம்பில் சேர்வதைத் தடுக்கும். டிபி மாத்திரை போட்டு இரண்டு மணி நேரமாவது போகட்டும்.

எந்த வலி என்பதையும் பார் ராசா. பைரசினமைடு போடுகிற முதல் இரண்டு மாதம் யூரிக் அமிலம் ஏறி, தோளும் முட்டும் வலிக்கும். டாக்டரிடம் சொல், அதற்காக மாத்திரையை நிறுத்தாதே. பாதம் எரிந்தால் வலி மாத்திரை உதவாது, பி6 வைட்டமின் மாத்திரை கேள்.

மூத்திரம் ஆரஞ்சாகப் போனால் பயப்படாதே, ரிஃபாம்பிசின் நிறம் அது. கட்டங்காப்பி மாதிரிக் கறுத்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, வாந்தியோடு சோறு இறங்காவிட்டாலோ, வலது விலாவுக்குக் கீழே வலித்தாலோ, வலி மாத்திரையால் அமுக்கப் பார்க்காதே. அடுத்த வேளை டிபி மாத்திரைக்கு முன்னால், அன்றைக்கே வள்ளியூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஈரல் ரத்தப் பரிசோதனை எடு. டிபி கார்டோடு நீ போட்ட எல்லா மாத்திரை அட்டையையும், காலியானது உட்பட, கொண்டு போ.

அம்மா