முந்திரிகைப் படிகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

லோசான், சுவிற்சர்லாந்து, ஓகஸ்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் சுகத்தையும், அம்மாவின் கால்வலி எப்படி என்பதையும் அறிய ஆவல்.

போன ஞாயிற்றுக்கிழமை இவருக்கும் எனக்கும் ஒன்றாக லீவு கிடைத்தது. இங்கே அது அபூர்வம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, ஏரிக்கரை மலைச்சரிவில் முந்திரிகைத் தோட்டங்கள் உள்ள லாவோ என்ற பக்கம் போய் வந்தோம். உரும்பிராயில் முந்திரிகை (திராட்சை) பந்தலுக்குள் பாதி ஆயுளைக் கழித்தவர் நீங்கள். இதை உங்களுக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவது?

ரயிலில் கொஞ்ச நேரம்தான். சான் சஃபொரான் என்ற சிற்றூரில் இறங்கி, ரிவா, எப்பெஸ் வழியாகக் குயி வரை நடந்தோம். கீழே லெமான் ஏரி, எதிர்க்கரையில் பிரான்ஸ். இந்தப் பக்கம் மலைச்சரிவு முழுவதும் கல்மதில் கட்டி, படி படியாக முந்திரிகை. 11ஆம், 12ஆம் நூற்றாண்டுகளில் மடத்துத் துறவிகள் தொடங்கி வைத்த வேலையாம். மதில்களை நீட்டி வைத்தால் 400 கிலோமீட்டருக்கு மேல் வரும் என்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போய்விடலாம்!

இங்கே பந்தல் கிடையாது, அப்பா. கம்பியில் கட்டிய கொடி என் நெஞ்சுயரம்தான் நிற்கிறது. உங்கள் பந்தலுக்குள் மதியத்தில் நுழைந்தால் உடம்பு குளிரும். இங்கே ஒதுங்க நிழலே இல்லை. குலைக்கு வெயில் படவேண்டும் என்று சுற்றியுள்ள இலையைக் கிள்ளி விடுகிறார்கள். இந்தக் கொடிக்கு மூன்று சூரியன் என்பது ஊர்ப்பேச்சு: மேலே ஒன்று, ஏரித் தண்ணீரில் பட்டுத் திரும்புவது ஒன்று, கல்மதில் பகலெல்லாம் வாங்கி இரவில் விடுவது ஒன்று. மாலையில் ஒரு மதிலில் கை வைத்துப் பார்த்தேன். அடுப்புக்கட்டி போலச் சுட்டது.

நீங்கள் வருடத்தில் இரண்டு தடவை கவாத்துப் பண்ணிக் காய் எடுப்பீர்கள். இங்கே குளிர்காலத்தில் கொடி உறங்கும்போது ஒரே கவாத்து, செப்டெம்பர், ஒக்ரோபர் வாக்கில் ஒரே அறுவடை. இப்போது காய் பச்சை. சின்னவன் ஒன்றைப் பிடுங்கி வாயில் போட்டு முகத்தைச் சுளித்தான்.

உழவு இயந்திரம் ஏற முடியாத செங்குத்து இது. அதனால் ஒற்றைத் தண்டவாளம் ஒன்று படிகளின் குறுக்கே மேலே ஓடுகிறது. பற்கள் வைத்த அந்தத் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு ஒரு சின்ன வண்டி பெட்டிகளை ஏற்றி இறக்குமாம். நின்றிருந்த வண்டியை இவர் குனிந்து குனிந்து பார்த்தார். மதில் சரிந்தால் மட்டும் கையால்தான் கட்ட வேண்டும்.

இன்னொன்று கேளுங்கள். ஏரியைப் பார்த்து வீடு கட்ட இந்தக் காணிகளுக்கு எவ்வளவு கிராக்கி இருந்திருக்கும்! 1977இல் வோ மாநில மக்கள் வாக்குப் போட்டு இதைத் தோட்டமாகவே காப்பாற்றிவிட்டார்கள். 2007இல் யுனெஸ்கோவும் உலக மரபுரிமையாக அறிவித்தது. நம் ஊரில் செம்மண் தோட்டம் துண்டு துண்டாக விலைபோகிறது என்று நீங்கள் சொல்லிக் குமைவது நினைவுக்கு வந்து, எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது இந்தப் பந்தியை விட்டுவிடுங்கள். குயியில் தோட்டக்காரர்கள் முறை வைத்து நடத்தும் நிலவறைக் கடை ஒன்று இருக்கிறது. இங்கே வைனை டெசிலீட்டர், அதாவது நூறு மில்லிலீட்டர், கணக்கில்தான் கேட்பார்கள். இவர் ஒரு டெசி ஷசலா வாங்கினார். நானும் ஒரு வாய் குடித்தேன். மெல்லிய வெள்ளை வைன், இனிப்பே இல்லை. இதற்கா இத்தனை மதில் என்று தோன்றியது. இவரோ ரசித்துக் குடித்தார்.

திரும்பும்போது கப்பலில் வந்தோம். பிள்ளைகளுக்கு மலையை விட அதுதான் பிடித்திருந்தது.

காய் பழுக்கும் நேரம் பறவைகளுக்காக இங்கே வலை போர்த்துகிறார்கள். நம் பந்தலுக்கும் அப்படி வலை போடலாமா? விலை விசாரித்து எழுதுங்கள், பணம் அனுப்புகிறேன்.

அன்பு மகள்