கேமரா திறந்தால் போதுமா?

ஐயா,

குமரி மாவட்டத்தில் ஊருக்கு ஊர் கண்காணிப்பு கேமரா வைக்கிறார்கள்; நல்லது. மின்கட்டணம் யார் கட்டுவது, பழுதை யார் பார்ப்பது என்பதையும் அன்றே எழுதிவைக்க வேண்டும். குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இணைப்புகளை அரித்துவிடும். ரெக்கார்டரின் கடிகாரம் பத்து நிமிடம் பிந்தினாலே விசாரணை குழம்பும். ஹார்டு டிஸ்க் நிறைந்தால் பழைய பதிவு தானாக அழியும். புகார் தாமதமானால் கையில் ஒன்றும் இராது.

திட்டம் கேமராவில் தொடங்கக் கூடாது. காவல் நிலையம் மூன்று மாதப் புகார்களை, பெயர்களை நீக்கி, இடமும் நேரமும் மட்டும் வார்டு வரைபடத்தில் குறித்துத் தரட்டும். அதே வரைபடத்தில் எரியாத தெருவிளக்குகளை ஊராட்சி குறிக்கட்டும். கம்பம் மின்வாரியத்துடையது, விளக்கு உள்ளாட்சியுடையது. ஒருவரையொருவர் கைகாட்டியே பஸ் நிறுத்தம் இருண்டு கிடக்கிறது. இருவரையும் ஒரே நாளில் அங்கே வரவழைத்தால் பாதி வேலை முடிந்தது. அந்தக் கூட்டத்தின் குறிப்பில் வேலை, பொறுப்பாளர், கெடு தேதி, பணம் வரும் கணக்கு நான்கும் வேண்டும். புகார்களில் போதைப்பொருளும் இருந்தால், பள்ளியும் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவும் கூட்டத்தில் இல்லாமல் அதைப் பற்றிப் பேசுவது வீண்.

நடந்ததைக் கிராம சபையில் வாசிக்கலாம். புகார் தந்தவரை அடையாளம் காட்டும் எதையும் அங்கே வாசிக்கக் கூடாது.

– வாசகர், தக்கலை