கற்பூரச் சத்தியம் வேண்டாம்: எங்கள் ஊர் ஆலய நிர்வாகத்திற்கு ஒரு திறந்த மடல்

தலைவர் ஐயா, செயலாளர் அண்ணன், அன்றைய கூட்டத்தில் கைதட்டி ஆமோதித்த பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் எல்லாருக்கும் வணக்கம்.

திருவிழா அறிவிப்பை வாட்ஸ்அப்பில் பார்த்தேன். அன்னதானம், உபயக்காரர் பெயர்கள், காவடி புறப்படும் நேரம் எல்லாம் சரி. கடைசியில்தான் அந்த வரி. இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் அம்மன் சந்நிதியில் வரிசையாக நின்று, இனிமேல் கைப்பேசியில் கேம் விளையாடுவதில்லை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டுமாம். காரணமும் போட்டிருந்தீர்கள்: பிள்ளைகளுக்குப் பதற்றம், எரிச்சல், தூக்கமில்லை, படிப்பில் நாட்டமில்லை, எல்லாவற்றுக்கும் கேம்தான் வேர். இதை நான் மறுக்கிறேன். எல்லாரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், அன்று கூட்டத்தில் பெண்கள் பக்கம் மைக் வரவே இல்லை.

என்னை உங்களுக்குத் தெரியும். சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில், அதாவது நம் வாயில் பத்தாங் பெர்ஜுந்தையில், சாயங்காலம் வீட்டு முன்கூடத்தில் டியூஷன் எடுப்பவள். உங்கள் பேரப் பிள்ளைகளே சிலர் என்னிடம்தான் மலாயும் கணக்கும் படிக்கிறார்கள். அதனால் இந்த வயதுப் பிள்ளைகள் போனும் கையுமாக இருப்பதை உங்களைவிட அதிகமாகவே பார்க்கிறேன்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் அவன் வகுப்பில் பத்துப் பேர்கூட இல்லை, டீச்சருக்கு அவன் பாட்டியைக்கூடத் தெரியும். இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போனதும் வகுப்பு நிறையப் பிள்ளைகள், தமிழைத் தவிர மற்றதெல்லாம் வேறு மொழியில், எழுந்து வாசித்தால் பின் வரிசையில் சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆனால் வயிற்று வலி வந்துவிடும், திங்கள் காலையில் வாந்தி. அம்மா வேப்பிலை அடித்துப் பார்த்தார். அப்பா, எல்லாம் இந்த கேமால் வருகிறது என்று போனை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். போன் பூட்டியிருந்த நாட்களிலும் வயிற்று வலி வந்தது, தலைவர் ஐயா. அந்த இடத்தில்தான் நாம் எல்லாரும் கொஞ்சம் நின்று யோசித்திருக்க வேண்டும்.

அப்புறம் போன் திரும்பக் கிடைத்ததும் அவன் மொபைல் லெஜண்ட்ஸ் என்ற அணிச் சண்டை கேமை விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஐந்து பேர் கொண்ட அணி, மற்ற நால்வரும் யார் எவர் என்று தெரியாது, இவன் மைக்கில் மலாயில் கட்டளை போட்டுக்கொண்டிருக்கிறான். நீ மேலே போ, நான் முன்னால் நிற்கிறேன், பொறு, இப்போது அடி. வகுப்பில் ஒரு வாக்கியம் வாசிக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் அதே பையன்! அங்கே அவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, தப்பாகப் பேசினாலும் அடுத்த ஆட்டத்தில் வேறு ஆட்கள், அதோடு அவன் அதில் கெட்டிக்காரன், அதை நால்வர் ஒத்துக்கொள்கிறார்கள். இதைத்தான் சாமி முன்னால் கைவிடச் சொல்லப் போகிறோம்.

அப்படியானால் கேமால் ஒன்றும் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும். பயந்த ஒன்றிலிருந்து விலகினால் அந்த நேரத்துக்கு நெஞ்சு லேசாகும், அந்த லேசுக்குப் பழகிப் பழகி அடுத்த முறை பயம் இன்னும் பெரிதாகத் தெரியும். நாளைக்குப் பள்ளியில் வாசிக்க வேண்டும் என்ற பயத்தை மறக்கப் பன்னிரண்டு மணிவரை விளையாடுகிறான், பள்ளி பஸ்ஸுக்காக விடியுமுன் எழுகிறான், தூக்கம் கெட்ட உடம்பில் பதற்றம் இரட்டிப்பாகிறது, அன்று ராத்திரி மறப்பதற்கு இன்னும் அதிக நேரம் தேவைப்படுகிறது. பயம் கேமைக் கூட்டுகிறது, கேம் தூக்கத்தைத் தின்று பயத்தைக் கூட்டுகிறது. இதில் கேமை மட்டும் உருவி எடுத்தால் பயம் அப்படியே உட்கார்ந்திருக்கும், மறக்கிற வழிதான் போயிருக்கும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், ஆராய்ச்சி செய்தவர்களைப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில் 7 கேம்களை ஆடிய 38,935 பேரின் விளையாட்டு நேரத்தை, அவர்கள் வாயால் சொன்னதை வைத்து அல்லாமல் கேம் நிறுவனங்களின் பதிவிலிருந்தே எடுத்துப் பார்த்தார்கள். எத்தனை மணி நேரம் ஆடினார்கள் என்பதற்கும் மனநலத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி தொடர்பு கிடைக்கவில்லை. ஆசையாக ஆடுகிறாரா, ஆடாமல் இருக்க முடியாமல் ஆடுகிறாரா என்பதில்தான் வித்தியாசம் தெரிந்தது. ஜப்பானில் கொரோனா காலத்தில் கேம் கருவிகளுக்குத் தட்டுப்பாடு வந்து கடைகள் குலுக்கல் போட்டு விற்றன, அதை வைத்தே ஒரு ஆய்வு செய்தார்கள், 2024இல் வந்தது. குலுக்கலில் கருவி கிடைத்தவர்களின் மனநலம் கிடைக்காதவர்களைவிடக் கொஞ்சம் மேம்பட்டிருந்தது, நாளுக்கு மூன்று மணி நேரம் தாண்டினால் அந்தப் பலன் குறைந்தது. அவர்கள் நம் தோட்டத்துப் பிள்ளைகள் இல்லைதான். ஆனாலும் கேம் என்றாலே விஷம் என்று அறிவிப்பில் எழுத இது இடம் தரவில்லை.

சிலருக்கு அது நோயாகவே முற்றுவதும் உண்மை, அதை மறைக்க மாட்டேன். உலக சுகாதார நிறுவனம் அதை நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது, 2022 ஜனவரியிலிருந்து அந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அவர்கள் வைத்த அளவுகோலைப் பாருங்கள். நிறுத்த நினைத்தும் கட்டுப்படுத்த முடியவில்லை, சாப்பாடு, படிப்பு, நட்பு எல்லாவற்றையும் கேம் பின்னுக்குத் தள்ளிவிட்டது, கெடுதல் என்று தெரிந்தும் தொடர்கிறது, இதெல்லாம் வழக்கமாக 12 மாதமாவது நீடிக்க வேண்டும், வாழ்க்கையே பாதிக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். பள்ளி விடுமுறையில் ராத்திரி முழுக்க ஆடியவன் எல்லாம் இதில் வரமாட்டான். அப்படி உண்மையிலேயே சிக்கியவன் ஒருவன் உங்கள் வரிசையில் நின்றால், அவனுக்குச் சத்தியத்தைக் காப்பாற்றும் பலம் இருக்காது, அதுதான் அந்த நோயே. மூன்றாம் நாள் மீறுவான். அப்புறம் அம்மன் தண்டிப்பாள் என்ற பயமும் சேரும், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லாமல் போனாலும் தன்னால்தான் என்று நினைப்பான். பதற்றத்துக்கு மருந்து என்று சொல்லிப் பதற்றத்தையே கொடுக்கிறோம்.

சட்டம் போட்ட நாடுகளும் உண்டு. தென்கொரியா 2011இல் 16 வயதுக்குக் கீழுள்ளவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை ஆன்லைன் கேம் ஆடத் தடை போட்டது, பத்து வருஷத்தில் அதைக் கைவிட முடிவெடுத்தது. ஓர் அரசாங்கமே விட்டுவிட்டதை நம் உற்சவக் கமிட்டி பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் வேறொன்று இருக்கிறது. இந்த கேம்களில் நிஜக் காசுக்கு டைமண்ட் என்ற கேம் காசை வாங்கி, குலுக்கல் பெட்டியில் என்ன ஸ்கின், அதாவது வீரனுக்கான வேஷம், விழும் என்று தெரியாமலே அதைப் போடுவது. பெல்ஜியம் 2018இலேயே அந்த மாதிரிப் பெட்டிகளைச் சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. பாட்டியின் உதவித்தொகையிலிருந்து டாப் அப் போன கதை நம் ஊரிலும் உண்டு. ஆனால் இதற்குச் சத்தியம் வாங்குவதாக இருந்தால் நாலு நம்பர் லாட்டரி எடுக்கும் பெரியவர்களும் அதே வரிசையில் நிற்க வேண்டி வரும், கமிட்டியில் எத்தனை பேர் மிஞ்சுவீர்கள் என்று தெரியவில்லை.

வீட்டில் நடக்கும் சண்டையில் பாதி, அந்த கேம் எப்படி ஓடுகிறது என்று நமக்குத் தெரியாததால் வருகிறது. ஒரு ஆட்டம் சுமார் பதினைந்து நிமிடம், நடுவில் நிறுத்தி வைக்க முடியாது, பாதியில் போனால் மற்ற நால்வரும் தோற்பார்கள், இவன் கணக்கில் நன்மதிப்புப் புள்ளி குறையும். அதனால்தான் அம்மா கூப்பிட்டால் இதோ வரேன் என்று கத்துகிறான். அரை மணி நேரம் என்று சொல்லாமல் இரண்டு ஆட்டம் என்று பேசி வையுங்கள், போன் ராத்திரி பத்துக்கு மேல் சமையலறையில் சார்ஜ் ஆகட்டும், அம்மா அப்பா போனும் சேர்த்துத்தான். அதோடு, பிகேபி என்ற கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வீட்டிலிருந்து படிக்க வேண்டும் என்று அவர்கள் கையில் போனைக் கொடுத்ததே நாம்தான், அந்த இரண்டு வருஷத்தில் அவர்களின் திடலும் நட்பும் எல்லாம் அந்தக் கண்ணாடிக்குள் போய்விட்டன.

கேட்பது இவ்வளவுதான். சத்தியத்தை ரத்து செய்யுங்கள். அந்த நேரத்தில் அரசாங்க கிளினிக்கிலிருந்து மனநல ஆலோசகர் ஒருவரை அழைத்துப் பெற்றோரிடம் பேச வையுங்கள், பிள்ளைகளிடம் அல்ல. கிளினிக் என்றதும், மனநல மருத்துவமனை இருக்கும் தஞ்சோங் ரம்புத்தானுக்கா என்று சிரிக்கிற பழக்கத்தை முதலில் மேடையிலிருந்தே நிறுத்துங்கள், ஒரு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துப் பதிந்தால் அங்கே மன அழுத்தத்துக்கும் பரிசோதனை உண்டு. 2022 தேசிய சுகாதார ஆய்வில் நம் மலேசியப் பதின்ம வயதினரில் நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறி இருந்தது, நம் வரிசை மட்டும் விதிவிலக்காக இருக்காது. சுகாதார அமைச்சின் உதவி எண் 15555, பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, இரண்டையும் உபயப் பட்டியலுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.

அப்புறம் மண்டபம். வருஷத்தில் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் திறந்துவிட்டால் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து ஆடட்டும், ஒரு பக்கம் பூப்பந்து வலை கட்டட்டும், நம் சிலாங்கூர் கேம் அணியான ரெட் ஜயண்ட்ஸ் 2024இல் ரியாத்தில் போய் மொபைல் லெஜண்ட்ஸ் கோப்பையை வென்றதைப் பற்றி அவர்களே உங்களுக்குச் சொல்வார்கள். நான் சொன்ன பையனைத் தளபதியாகப் போடலாம், மலாயில் அறிவிப்பும் அவனே செய்வான். பொறுப்புக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், இன்னும் இரண்டு அம்மாக்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கரண்ட் பில்லுக்கு உபயம் கேட்டுப் பார்ப்போம். வரும் ஞாயிறு கூட்டத்தில் இதைப் பேச ஐந்து நிமிடம் வேண்டும், மைக்கோடு.