வெந்த தோலைச் சீவத் தயங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்கினால் பட்டாசு எச்சரிக்கை வெளியிடுகிறீர்கள். சரி, அது வேண்டும்தான். சுட்ட பிறகு ஆஸ்பத்திரியில் நடப்பதையும் கொஞ்சம் எழுதுங்களேன். நான் பினாங்கில் ஆபரேஷன் தியேட்டர் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள். "கத்தி வேண்டாம் மிஸ்ஸி, பொருக்கு தானா உதிரட்டும்" என்று கையெழுத்துப் போட மறுத்த குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மகன் பேனாவை எடுத்தாலும் பாட்டி விடமாட்டார்.

மேலோட்டமான கொப்புளம் தானாக ஆறும், அதை யாரும் சீவுவதில்லை. ஆழமாக வெந்த தோல் அப்படியல்ல. அங்கே ரத்த ஓட்டம் நின்றுவிடுவதால் ஊசியில் ஏற்றும் மருந்தும் போய்ச் சேராது, கிருமிக்குத்தான் கொண்டாட்டம். உதிரட்டும் என்று வாரக்கணக்கில் காத்திருந்தால் தழும்பு இறுகி விரல்கூட மடங்கிப்போகும். அன்றைய யுகோஸ்லாவியாவின் மாரிபோர் நகர டாக்டர் சோரா யான்செகோவிச், செத்த தோலைச் சில நாட்களிலேயே சீவிவிட்டு உடனே நல்ல தோலை ஒட்டும் முறையை 1970-இல் உலகுக்கு எழுதிக் காட்டினார்.

சீவும் கத்தியைப் பார்த்தால் பயம் குறையும். வாட்சன் கத்தியில் நீள பிளேடுக்கு முன்னால் ஓர் உருளை இருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் திருகி வைத்தால், சீவல் அந்தக் கனத்துக்குமேல் போகாது. விரல், முகம் என்றால் சின்னதான கூலியன் கத்தி. மயக்கம் கொடுத்த பிறகுதான் எல்லாம். பொடிப்பொடியாக ரத்தப் புள்ளி துளிர்த்தால் உயிருள்ள தோல் வந்துவிட்டது என்று அர்த்தம். டாக்டர் அங்கே நிறுத்துவார். ரத்தம் போகும், மறைக்கவில்லை. அட்ரினலின் நனைத்த துணியை வைத்து அழுத்துவோம். பெரிய காயமென்றால் ஒரே நாளில் முடிக்கமாட்டார்கள்.

உப்பு நீரை வேகமாகப் பீய்ச்சி அறுத்து, கூடவே உறிஞ்சும் கருவியும் இப்போது உண்டு. அன்னாசித் தண்டிலிருந்து எடுக்கும் நொதியில் செய்த, செத்த தோலைக் கரைக்கும் நெக்சோபிரிட் மருந்துக்கு ஐரோப்பா 2012-இலும் அமெரிக்கா 2022-இலும் அனுமதி கொடுத்தன. அதற்காக வீட்டில் அன்னாசியை அரைத்துப் பூசிவிடாதீர்கள்! பற்பசை, கிச்சாப், மஞ்சள் எதுவும் வேண்டாம். அதையெல்லாம் கழுவி எடுத்தால்தான் காயத்தின் ஆழமே தெரியும். அந்த வலி பிள்ளைக்குத்தான். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இந்த வருடச் சிறப்பிதழில் இதற்கு அரைப்பக்கம் ஒதுக்கினால் நன்றாக இருக்கும்.

ஓய்வுபெற்ற தாதி,
ஜெலுத்தோங், பினாங்கு