கடைத்தெரு வணிகர் சங்கம்: உணர்வு நுண்ணறிவுப் பயிற்சி, ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

உரிமம் புதுப்பித்தல், தெருவிளக்கு, குப்பை வண்டி ஆகிய வழக்கமான பணிகள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த அறிக்கை பெரும்பாலும் உணர்வு நுண்ணறிவு, அதாவது தன் உணர்வையும் பிறர் உணர்வையும் அறிந்து கையாளும் திறன், குறித்த பயிற்சியைப் பற்றியது. கல்லாவில் ஒரு நிமிடம் நிதானம் தவறினால் பல வருட வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார். நல்ல வேலையாள் கணக்கை முடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார்.

உணர்வு நுண்ணறிவு குறித்து 1990-இல் எழுதிய உளவியலாளர்கள் பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும் பின்னர் அதை நான்கு கூறுகளாக வகுத்தனர்: உணர்வை அடையாளம் காணுதல், சிந்தனைக்குத் துணையாகக் கொள்ளுதல், அதன் காரணத்தையும் போக்கையும் புரிந்துகொள்ளுதல், கையாளுதல். மாதம் ஒரு ஞாயிறு, 90 நிமிடம் கூடினோம். முதல் கூறுக்கே நான்கு மாதம் ஆயிற்று. அவசரப்பட்டிருந்தால் மற்றவை நிலைத்திருக்காது.

ஒவ்வொருவருக்கும் ஒரு 40 பக்க நோட்டு. இரவு கடை சாத்தும் முன் மூன்றே வரி: என்ன நடந்தது, உடம்பில் எங்கே தெரிந்தது, உணர்வின் பெயர் என்ன. இங்கேதான் பலர் தடுமாறினர். “அவன் திமிர் பிடித்தவன்” என்று எழுதினார்கள். அது எதிராளியைப் பற்றிய தீர்ப்பு, தன் உணர்வு அல்ல. இல்லையென்றால் எல்லா நாளும் “டென்ஷன்”. எனவே அந்தச் சொல்லை ஒரு மாதம் விலக்கினோம். எரிச்சல், மனத்தாங்கல், அவமானம், ஆற்றாமை, பதற்றம் என்று பிரித்து எழுதச் சொன்னோம். இதற்குத் தமிழில் பழைய துணை உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்வுகளை, சொல்லி, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்றும் வகுக்கிறது. அழுகைக்கு இளிவு (பிறரால் இகழப்படுதல்), இழவு (இழப்பு), அசைவு (நிலை தாழ்ந்து தளர்தல்), வறுமை. அந்த “எதனால்” என்ற கேள்வியை நோட்டில் நான்காவது வரியாகச் சேர்த்தோம். கோபம் என்று எழுதியவற்றுள் பல, கீழே இளிவாக இருந்தன.

கையாளுதலில் அடிக்கடி நேரும் பிழை, பல்லைக் கடித்து அடக்குவதைப் பொறுமை என்று எண்ணுவது. முகம் அமைதியாக இருக்கும், உடம்பின் படபடப்பு குறையாது. எதிரில் இருப்பவர் சொன்னதும் சரியாக நினைவில் நிற்காது. அதற்குப் பதில் மூச்சு: நான்கு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே, ஆறு முறை. மொத்தம் ஒரு நிமிடம். வேகமாக ஆழ்ந்து இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும். மெதுவாக விடுவதே முக்கியம்.

வேலையாளைக் கண்டிப்பதற்கு ஒரு முறை பழகினோம். தனியாக அழைத்து, நடந்ததையும் விளைவையும் சொல்லிக் கேட்பது: “திங்கள், புதன் ரெண்டு நாளும் 9.20-க்கு வந்தீங்க தம்பி. ஷட்டர் தூக்க ஆள் இல்லை. காலையில என்ன சிரமம்?” கேட்டபின் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் எல்லோருக்கும் கடினமாக இருந்தது; பதில் வருமுன் புத்திமதி வந்துவிடுகிறது. ஆகவே இருவர் இருவராக, இரண்டு நிமிடம் குறுக்கிடாமல் கேட்டு, கேட்டதை ஒரே வாக்கியத்தில் திருப்பிச் சொல்லும் பயிற்சியை வரும் ஆண்டு ஒவ்வொரு கூட்டத்திலும் வைக்கத் தீர்மானித்துள்ளோம். கல்லாவில் நிற்கும் வேலையாட்களுக்கும் தனி வகுப்பு வேண்டும். அதற்கு நோட்டுச் செலவு மட்டுமே ஆகும்.

இவ்வறிக்கையை ஏற்று, அந்தச் செலவுக்கு ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்