பையனை வெளியே நிறுத்தும் முன் ரவுட்டரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வகுப்பறைக்குள் இணையம் வந்துவிட்டது, நல்லது, வரட்டும். ஸ்மார்ட் போர்டில் இதயம் துடிப்பதை ஒரு தடவை பார்த்த பிள்ளைக்கு அந்தப் பாடம் மறப்பதில்லை. நான் தென்காசி மாவட்டத்தில் கணினி ஆசிரியையாக வேலை பார்க்கிறேன், லேபுக்கு நெட் வேண்டும் என்று எச்.எம். அறைக்கு நடையாய் நடந்தவளும் நான்தான். அதனால் இதை இணையம் வேண்டாம் என்று சொல்லும் கடிதமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போன வருஷம் நடந்தது. பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கப் பாடத்துக்கு சார்ட் செய்யச் சொல்லியிருந்தார்கள். ஒரு பையன் லேபில் உட்கார்ந்து படம் தேடினான், பாடத்தின் பெயரைத்தான் அடித்தான், வந்த பட்டியலில் ஒன்றைத் தட்டினான், திறந்தது வேறு மாதிரிப் பக்கம். மூட மூட இன்னொன்று முளைத்தது. உடனே கையில் இருந்த சார்ட் அட்டையை மானிட்டர் மேல் வைத்து மறைத்தான், அப்புறம் குனிந்து சிபியு பட்டனை அமுக்கிப் பிடித்தான். பக்கத்துப் பிள்ளைகள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று பதறிய பையன் அவன். அவனை இரண்டு பீரியட் வராந்தாவில் நிற்க வைத்தார்கள். மறுநாள் அவன் அம்மா பீடித் தட்டை அப்படியே போட்டுவிட்டு வந்து எச்.எம். முன்னால் கைகட்டி நின்றார். போகும்போது என்னிடம், "இனிமே இவன கம்ப்யூட்டர் பக்கமே விடாதீங்க டீச்சர்" என்றார். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். ஒரு ஃபில்டர்கூடப் போடாத இணைப்பில் அத்தனை பிள்ளைகளையும் உட்கார வைத்தது நாங்கள்தானே.

அந்த ஃபில்டருக்குக் காசு செலவே கிடையாது. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் நெட்டைப் பிரித்துத் தரும் பெட்டிதான் ரவுட்டர். அதன் செட்டிங்ஸில் டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் முகவரியைத் தேடித் தரும் சேவை, என்று ஓர் இடம் இருக்கும், அதில் 1.1.1.3 என்றும் அடுத்த கட்டத்தில் 1.0.0.3 என்றும் போட்டால், ஆபாசத் தளங்களும் வைரஸ் பரப்பும் தளங்களும் பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிடும். கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020 முதல் இலவசமாகத் தருகிற சேவை இது. கூடவே ரவுட்டரின் பாஸ்வேர்டையும் மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையே பழையபடி திருப்பி வைத்துவிடும். வேண்டாத படங்களையும் வீடியோக்களையும் வடிகட்ட கூகுளில் சேஃப் சர்ச், யூடியூபில் ரெஸ்ட்ரிக்டட் மோட், இரண்டையும் போடுங்கள். யூடியூபில் கமெண்டுகளும் சேர்ந்து மறைந்துவிடும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு முழு லேபுக்கும் இதைச் செய்து முடிக்க எனக்கு ஆன நேரம் முக்கால் மணி. ஆனால் நெட் போய்விட்டது என்று ஆசிரியர் தன் போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டார் என்றால் ரவுட்டரில் செய்த வேலை அத்தனையும் வீண், இது நிறைய பேருக்குத் தெரிவதில்லை. காட்டப்போகும் வீடியோவை முந்தின நாளே முழுதாகப் பார்த்து இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

சரி, ஃபில்டர் போட்டாயிற்று. ஆள் வந்தால்?

எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவின் லிங்க் எப்படியோ வெளியே போயிருக்கிறது. உள்ளே வந்த யாரோ ஒருவன் ஒரு மாணவிக்கு, "நான் பி செக்ஷன்" என்று தனியாக மெசேஜ் அனுப்பி, முதலில் நோட்ஸ் கேட்டு, அப்புறம் போட்டோ கேட்டிருக்கிறான். போட்டோ தராவிட்டால் அப்பாவிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டல் வேறு. அந்தப் பிள்ளை மூன்று வாரம் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஏன்டா முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா என்னையும் வராந்தால நிக்க வைப்பீங்கன்னு நினைச்சேன் மிஸ்" என்றாள்.

அந்தப் பையனை நிற்க வைத்ததை மொத்த வகுப்பும் பார்த்திருக்கிறது. நாங்கள் மறந்துவிட்டோம், பிள்ளைகள் மறக்கவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் பள்ளிப் பேர் கெட்டுவிடும் என்று மூடி மறைக்கச் சொல்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2012-ஆம் வருஷ போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் இருப்பதே தனிக் குற்றம். பாலியல் நோக்கத்தோடு பிள்ளைக்கு மெசேஜ் அனுப்பித் தொந்தரவு செய்வதும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறது. நாங்கள் பெற்றோரை உட்கார வைத்துப் பேசி, ஸ்கிரீன்ஷாட்டுகளை அழிக்காமல் வைத்து, புகார் கொடுத்தோம். அந்தப் பிள்ளை இன்றைக்கும் முன் பெஞ்சில்தான் உட்காருகிறாள், போனை யாரும் பிடுங்கவில்லை.

வகுப்புக் குழுவில் இப்போது அட்மின் மட்டும்தான் மெசேஜ் போட முடியும், புது ஆள் சேர அட்மின் ஒப்புதல் வேண்டும். லேபில் ஏதாவது வேண்டாத பக்கம் வந்தால் மானிட்டரை அணைத்துவிட்டுக் கை தூக்கச் சொல்லியிருக்கிறேன், ஏன் வந்தது என்று முதலில் கேட்க மாட்டேன் என்றும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். இந்த வருஷம் நான்கு தடவை கை தூக்கினார்கள். அந்தப் பையனும் ஒரு தடவை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு தடவையாவது குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417, சைபர் குற்றத்துக்கான 1930 மூன்றையும் பெரிய எழுத்தில் போடுங்கள். வெட்டி லேப் சுவரில் ஒட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு கணினி ஆசிரியை,
தென்காசி மாவட்டம்.