படலையடியில் நீங்கள் திருத்திய சொல்

லா கூர்னேவ்,
16.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். அம்மா, அத்தான், பிள்ளைகள் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும்.

போனில் எடுக்கிற ஒவ்வொரு முறையும் "பிரெஞ்சு எப்படிப் போகுது?" என்று கேட்கிறீர்கள். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிகிற கதையில்லை, அதுதான் எழுதுகிறேன். வருகிற 2026 ஜனவரியிலிருந்து பத்து வருட வதிவிட அட்டைக்கு பி1 அளவு பிரெஞ்சு வேண்டும். இதுவரை அதுக்கு ஒரு படி கீழான ஏ2 போதுமாயிருந்தது. அதனால் கிழமையில் இரண்டு நாள், கோப்பை கழுவுற வேலைக்குப் போக முன்னம் வகுப்புக்குப் போகிறேன்.

நீளமான சொற்கள் என்னைக் கஷ்டப்படுத்தவில்லை. ஒரே கருத்துப் போல இருக்கிற சின்னச் சொற்கள்தான் மாட்டுகின்றன. 'ஜூர்' என்றாலும் நாள், 'ஜூர்னே' என்றாலும் நாள். பாண் கடைக்குள் போனால் 'பொன்ஜூர்' சொல்லாமல் ஒன்றும் கேட்கக்கூடாது. வந்த புதிதில் வெளிக்கிடும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். 'ஜூர்' எண்ணுகிற நாள், இத்தனை நாள் லீவு என்கிற மாதிரி. 'ஜூர்னே' விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை ஒருவர் கழிக்கிற நேரம். ஆகவே வெளிக்கிடும்போது 'பொன் ஜூர்னே': இனி மிச்சமிருக்கிற பொழுது உங்களுக்கு நல்லாய்ப் போகட்டும். பின்னேரத்துக்கு 'பொன்சுவார்', 'பொன் சுவாரே' அதே கணக்குத்தான். முன்பின் தெரியாத கடைக்காரிகூட ஒவ்வொரு நாளும் எனக்கு இப்படி வாழ்த்துச் சொல்லி அனுப்புகிறா. எனக்கு அது பெரிய ஆறுதல், அக்கா.

தமிழ் கைகொடுத்த இடமும் உண்டு. ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவது 'அம்னே', சாமானைக் கொண்டு வருவது 'அப்போர்த்தே'. வகுப்பில் மற்றவர்கள் மாற்றி மாற்றிச் சொல்ல, நான் ஒருநாளும் பிழைவிடவில்லை. அரிசியை யாராவது கூட்டிக்கொண்டு வருவார்களா?

அறையில் இருக்கிற பெடியன் ஆரோ பாவித்த சைக்கிள் ஒன்று வாங்கினான். அவனுக்கு அது 'நுவோ', ஆனால் 'நெஃப்' இல்லை. ஒருத்தரும் தொடாத புத்தம் புதுசுதான் 'நெஃப்'.

திரும்புவதற்கு மட்டும் மூன்று சொல் பழக வேண்டியிருந்தது. கதைக்கிறவர் நிற்கிற இடத்துக்கே வருவது 'ரெவ்னீர்'. முன்பு போன வேறொரு இடத்துக்கு மறுபடி போவது 'ரெத்தூர்னே'. தன்ரை வீட்டுக்குப் போய்ச் சேருவது 'ராந்த்ரே'. இரவு வேலை முடிய, சமையல்காரர் "து ராந்த்ர்?" என்று கேட்பார். "வுயி, ஜ ராந்த்ர்" என்பேன். நாலு பேர் படுக்கிற இந்த அறைக்கு இவ்வளவு காலமும் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறேன் என்பது வகுப்பில்தான் உறைத்தது.

போன கிழமை, சித்திரை லீவுக்கு எங்கே போகிறீர்கள், எழுதுங்கள் என்று ரீச்சர் சொன்னா. 'ரெத்தூர்னே' என்று எழுதிவிட்டு வெட்டினேன். அப்படி எழுதினால் யாழ்ப்பாணம் எப்போதோ போய்வந்த ஊர் மாதிரி எனக்குப் பட்டது. 'ராந்த்ரே' என்று எழுதிக் கொடுத்தேன். ரீச்சர் திருத்தவில்லை.

நான் வெளிக்கிட்ட அன்று படலையடியில் "போறன் அக்கா" என்று சொல்ல, என் கையைப் பிடித்து, "போட்டு வாறன் எண்டு சொல்லு" என்றீர்கள். இங்கே யாராவது கொஞ்ச நேரம் வெளியே போனாலும் 'ஜ ரெவ்யா' என்பார்கள். எங்கள் "இந்தா வாறன்" தான். கேட்கிற நேரமெல்லாம் அந்தப் படலைதான் கண்ணுக்குள் வருகிறது.

சித்திரைக்கு ரிக்கெற் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாளி இன்னும் லீவு தரவில்லை. அதுவரை அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ. சரிவந்த உடனே நானே அம்மாவுக்குப் போன் எடுக்கிறேன்.

உங்கள் அன்புத் தம்பி